நிலம் நடத்தும் பாடம்: கட்டடக்கலைப் பள்ளிகளின் இடமும் அளவும்

2019 ஜூலையில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த எட்டுக் கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் இரண்டு, அவர் வாழ்ந்துகொண்டே மாணவர்களைப் பயிற்றுவித்த இடங்கள்: விஸ்கான்சின் மாநிலத்தின் டாலியசின், அரிசோனா பாலைவனத்தின் டாலியசின் வெஸ்ட். ஆறு மாதம் கழித்து, 2020 ஜனவரி இறுதியில், அந்த இரண்டு வளாகங்களிலும் இயங்கிவந்த கட்டடக்கலைப் பள்ளியை மூடப்போவதாக அதன் நிர்வாகக் குழு அறிவித்தது. அப்போது அங்கே படித்தவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். கட்டடங்களுக்கு உலக அங்கீகாரம் கிடைத்தது. டாலியசின் வெஸ்டைக் கல் சுமந்து கட்டிய மாணவர்களின் வழிவந்த பள்ளிக்கு வாசல் அடைபட்டது.

ஒரு கட்டடக்கலைப் பள்ளியின் ஆயுளை எது தீர்மானிக்கிறது? பாடத்திட்டம், ஆசிரியர்கள், புகழ்பெற்ற நிறுவனர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவை எல்லாம் இருந்தும் சில பள்ளிகள் மூடப்பட்டிருக்கின்றன. இவற்றில் பாதிகூட இல்லாமல் சில பள்ளிகள் நிலைத்திருக்கின்றன. அந்த வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. ஒன்று, பள்ளி எங்கே இருக்கிறது; மற்றொன்று, அது எவ்வளவு பெரியது. மருத்துவத்துக்கோ கணிதத்துக்கோ இல்லாத அளவுக்குக் கட்டடக்கலைக் கல்வியில் இவ்விரண்டுக்கும் எடை உண்டு. ஏனென்றால் இந்தத் தொழிலின் மூலப்பொருளே நிலம்தான். இதைக் கற்பிக்கும் முறையோ இன்னமும் ஒருவர் அருகில் ஒருவர் உட்கார்ந்து திருத்தும் முறைதான்.

முப்பது பேரின் பாலைவனம்

ரைட் 1932இல் தன் பயிற்சிக் குழுவைத் தொடங்கியபோது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தது. அவரிடம் கட்டடம் கேட்டு வருவோர் அருகிப்போயிருந்தார்கள். கட்டணம் செலுத்திச் சேர்ந்த இளைஞர்கள் வயலில் வேலை செய்தார்கள், முறைவைத்துச் சமைத்தார்கள், மரம் அறுத்தார்கள், சுவர் எழுப்பினார்கள். மீதி நேரத்தில் வரைபலகையில் குனிந்தார்கள். நம் ஊர்க் குருகுலத்தை நினைவூட்டும் ஏற்பாடு. அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் எட்கர் காஃப்மன் ஜூனியர். மகன் அங்கே சேர்ந்த பிறகுதான், பிட்ஸ்பர்க்கில் பெரிய பல்பொருள் அங்காடி நடத்திவந்த தந்தை ரைட்டிடம் ஒரு வீடு கேட்டார். அருவியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் 'ஃபாலிங்வாட்டர்' அப்படிப் பிறந்தது. ரைட்டின் இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கிவைத்ததில் அந்தச் சிறிய பள்ளிக்கும் பங்கு உண்டு.

1937 முதல், குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனாவில் டாலியசின் வெஸ்ட் எழத் தொடங்கியது. முதலில் வந்த மாணவர்கள் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அந்தத் தேவை பிறகு பாடமாகவே மாறிவிட்டது. மாணவர் தனக்கான உறைவிடத்தைப் பாலைவனத்தில் தானே வடிவமைத்துக் கட்டுவார், அல்லது முன்னவர் விட்டுச்சென்றதைச் செப்பனிடுவார். பிறகு அதிலேயே உறங்குவார். ஒரு படுக்கைக்குச் சற்றே கூடுதலான இடம், அவ்வளவுதான். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, திடீர் மழையில் தண்ணீர் எந்த வழியாகப் பாயும் என்பதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் கட்டினால், அதன் பலனை அன்றிரவே அனுபவிப்பவர் கட்டியவர்தான். இதைவிடக் கண்டிப்பான தேர்வாளரை எந்தப் பல்கலைக்கழகத்தாலும் நியமிக்க முடியாது.

இவ்வளவு வளமான இடம் கைவிட்டுப் போனது எப்படி? நிலமும் கட்டடங்களும் ரைட்டின் பெயரிலான அறக்கட்டளைக்குச் சொந்தம். பள்ளி அதன் ஒரு கிளையாக இருந்தது. பட்டம் வழங்கும் நிறுவனம் தன் நிதியிலும் நிர்வாகத்திலும் தனித்து நிற்க வேண்டும் என்று அமெரிக்காவின் உயர்கல்வி அங்கீகார அமைப்பு வலியுறுத்தியதால் 2014இல் நெருக்கடி முற்றியது. இருபது லட்சம் டாலர் திரட்டி, 2017இல் பள்ளி சட்டப்படி தனி நிறுவனமாயிற்று. அங்கீகாரம் தப்பியது. ஆனால் அந்த நாள் முதல், தான் பிறந்த வீட்டிலேயே அது வெறும் குடியிருப்பவராக ஆகிவிட்டது. பாரம்பரியக் கட்டடங்களைப் பேணுவதும் பார்வையாளர்களை வரவேற்பதும் வீட்டுக்காரரின் முதல் கடமை. வகுப்பு நடத்துவது குடியிருப்பவரின் கடமை. தொடர்ந்து இருப்பதற்கான உடன்பாடு எட்டப்படாதபோது, பேச்சுவார்த்தை மேசையில் முப்பது மாணவர்களுக்கு எடை இருக்கவில்லை.

மூடும் முடிவு 2020 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. பள்ளி டாலியசின் என்ற பெயரை விட்டுவிட்டு, அதே அரிசோனாவில் கட்டடக் கலைஞர் பாவ்லோ சொலேரி உருவாக்கிய கோசான்டி, ஆர்கோசான்டி வளாகங்களுக்குக் குடிபெயர்ந்தது. சொலேரியும் ஒரு காலத்தில் டாலியசின் வெஸ்டில் ரைட்டிடம் பயின்றவர்தான். முப்பது பேர் என்பதால்தான் அந்தப் பள்ளி அவ்வளவு எளிதாக வெளியேற நேர்ந்தது. முப்பது பேர் என்பதால்தான் மூட்டை கட்டிக்கொண்டு வேறோர் இடத்தில் உடனே வேர்விடவும் முடிந்தது.

நாற்பது பேருக்கு எத்தனை மணி நேரம்

அளவைப் பற்றிப் பேசும்போது, ஸ்டுடியோ எனப்படும் வடிவமைப்பு வகுப்பின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு; ஒரு பிரிவுக்கு நாற்பது இடங்கள் என்பது வழக்கமான அனுமதி. வடிவமைப்பு வகுப்பின் உயிர், மாணவர்கள் 'டிஸ்கஷன்' என்று சொல்லும் நேரம்தான். மாணவர் தன் வரைபடத்தை மேசையில் விரிக்கிறார். ஆசிரியர் அதன்மேல் மெல்லிய டிரேசிங் தாளை வைத்து, படிக்கட்டை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று கோடு போட்டுக் காட்டுகிறார். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது பேருக்கு 400 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஏழு மணி நேரம். நான்கு ஆசிரியர்கள் இருந்தால் அது ஒரு பிற்பகலில் முடியும். ஒருவரே என்றால் வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு அன்று டிஸ்கஷனே கிடைக்காது. முடித்த வடிவமைப்பை மதிப்பிடும் ஜூரியில் ஒருவருக்கு இருபது நிமிடம் என்றால், நாற்பது பேருக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல்.

விரிவுரை வகுப்பில் நாற்பதை எண்பதாக்கினால் ஒலிபெருக்கி ஒன்று போதும். ஸ்டுடியோவில் எண்பதாக்கினால் ஆசிரியர்களையும் மேசைகளையும் இரட்டிப்பாக்க வேண்டும். ஆகவே கட்டடக்கலைப் பள்ளி வளர வளரத் தலைக்கு ஆகும் செலவு குறைவதில்லை. அதே சமயம் ஓர் எல்லைக்குக் கீழே சுருங்கினாலும் தாங்காது. நாற்பது இடத்தில் இருபது பேர் சேர்ந்தால் கட்டண வருவாய் பாதியாகிறது. நூலகமும் மரப்பட்டறையும் கட்டடப்பொருள் ஆய்வகமும் அதே செலவைக் கேட்கின்றன. அந்த நிலையில் நிர்வாகம் முதலில் குறைப்பது வெளியிலிருந்து வரும் பகுதிநேரக் கட்டடக் கலைஞர்களைத்தான். அவர்கள் போனதும் டிஸ்கஷன் போகிறது. டிஸ்கஷன் போனதும் அடுத்த ஆண்டு மாணவர் எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

பெரியதாகவும் முடியாது, மிகச் சிறியதாகவும் முடியாது என்ற இந்த நெருக்கடியிலிருந்து வெளிவர வெவ்வேறு பள்ளிகள் வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன.

ஒரு கிராமமே வகுப்பறை

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஹேல் மாவட்டத்தில் நியூபர்ன் என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை இருநூறுக்கும் குறைவு. ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993இல் தங்கள் மாணவர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தப் பகுதிக்கு அழைத்து வந்தார்கள். இப்படித் தொடங்கியதுதான் ரூரல் ஸ்டுடியோ. பருத்தி விளைந்து ஓய்ந்த நிலம். கூரை ஒழுகும் குடிசைகள். கட்டடக் கலைஞர் என்று ஒருவரை வாழ்நாளில் சந்தித்திராத மக்கள்.

முதலில் கட்டியவற்றில் ஒன்று 1994இல் முடிந்த வைக்கோல் கட்டு வீடு. இறுக்கிக் கட்டிய வைக்கோல் பொதிகளைச் செங்கல்போல் அடுக்கி, மேலே காரை பூசி எழுப்பிய சுவர்கள். வெயிலையும் குளிரையும் தடுக்கும் தடிமன். அதே வீட்டின் அருகே ஒரு மாணவர், இறைச்சியைப் புகையூட்டிப் பதப்படுத்தச் சின்னஞ்சிறு அறை ஒன்றைக் கட்டினார். உடைத்துப் போட்ட கான்கிரீட் துண்டுகளே கற்கள். இடையிடையே பதித்த கண்ணாடிப் புட்டிகள் வழியே வண்ண ஒளி உள்ளே விழுந்தது. 2000இல் கட்டிய சமுதாயக் கூடத்தின் ஒரு பக்கத்துக் கூரை, பழைய செவ்ரோலே கார்களிலிருந்து கழற்றிய எண்பது முன்கண்ணாடிகளால் ஆனது. கையில் பணமில்லாத இடத்தில் எது கிடைக்கிறது என்று தேடிய கண்கள் கண்டுபிடித்த பொருள்கள் இவை. நகரத்து வளாகத்தில் இதே மாணவர்கள் இருந்திருந்தால் பொருள்பட்டியலைப் பார்த்து ஒரு பெயரைக் குறித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மாக்பீ 2001இல் காலமானார். ஒரு மனிதரின் ஆளுமையால் எழுந்த முயற்சி அவரோடு முடிந்துவிடும் என்ற அச்சம் அப்போது இயல்பானது. ஆண்ட்ரூ ஃப்ரியர் பொறுப்பேற்று, திசையைச் சற்று மாற்றினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அதிசய வீடு என்பதிலிருந்து, ஊருக்குத் தேவையான தீயணைப்பு நிலையம், ஊர்மன்றம், நூலகம் என்று பணி விரிந்தது. 2005இல் தொடங்கிய 'இருபதாயிரம் டாலர் வீடு' ஆய்வு இன்னும் கூர்மையானது: சமூகப் பாதுகாப்பு உதவித்தொகையில் வாழும் ஒருவர் அடைக்கக்கூடிய கடன் எவ்வளவு என்று முதலில் கணக்கிட்டு, அந்தத் தொகைக்குள் பொருளும் கூலியும் அடங்கும் நல்ல வீடு எது என்று ஆண்டுதோறும் தேடினார்கள். ஒரே கேள்வியை ஒரே ஊரில் இத்தனை ஆண்டு கேட்க முடிந்ததற்குக் காரணம் இடம். மாணவர்கள் மாறினார்கள், வீட்டில் குடியிருப்பவர் மாறவில்லை. எந்தக் கூரை எத்தனை மழைக்குப் பிறகு ஒழுகியது என்பதை மறு ஆண்டு மாணவர் போய்க் கேட்க முடிந்தது.

டாலியசினோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. நியூபர்னில் ஒரு சமயத்தில் இருக்கும் மாணவர் குழு சிறியது. ஆனால் அவர்களுக்குப் பட்டம் தருவதும் ஆசிரியர் சம்பளத்தைத் தாங்குவதும் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். கற்பது சிறிய அளவில். தாங்கிப் பிடிப்பது பெரிய அளவில். இந்த ஏற்பாடுதான் ரூரல் ஸ்டுடியோவை நிறுவனரின் மரணத்துக்கு அப்பாலும் நடத்திச் செல்கிறது.

மாநகரத்தின் நடுவே

லண்டனின் ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் இதற்கு நேர் எதிரான இடத்தில் இருக்கிறது. தொழில் பயின்றுகொண்டிருந்த இளைஞர்கள் தங்களுக்குக் கிடைத்த பயிற்சி போதாது என்று 1847இல் கூடித் தொடங்கிய சங்கம் அது. 1917 முதல் பெட்ஃபோர்டு சதுக்கத்தின் பழைய வீடுகளில் இயங்குகிறது. விரிந்த வளாகம் கிடையாது. ஆனால் நடந்து போகும் தூரத்தில் பிரிட்டிஷ் மியூசியம்; சுற்றிலும் கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்கள். பகலில் அலுவலகம் நடத்துபவர் மாலையில் வந்து ஸ்டுடியோவில் உட்கார முடியும். முழுநேர ஆசிரியர் கூட்டத்தைத் தாங்க முடியாத சிறிய பள்ளிக்கு, மாநகரமே ஆசிரியர்களைக் கடன் கொடுத்தது.

அதற்கும் முடிவு நெருங்கிய காலம் ஒன்று இருந்தது. இம்பீரியல் கல்லூரியோடு இணைந்துவிடும் திட்டம் பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1970இல் முறிந்தது. மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்து நின்று, 1971இல் ஆல்வின் பாயார்ஸ்கியைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் உள்நாட்டு உதவியை நம்பியிருக்காமல் உலகெங்குமிருந்து மாணவர்களைச் சேர்த்தார். பள்ளியைச் சிறு சிறு 'யூனிட்'களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் ஆசிரியரின் பார்வைக்கு விட்டார். கட்டடக் கலைஞர்கள் ரெம் கூல்ஹாஸும் ஜாஹா ஹதீதும் அந்த மேசைகளிலிருந்து வந்தவர்கள்.

சிறிய பள்ளியின் எல்லையையும் இதே வரலாறு காட்டுகிறது. வெப்ப மண்டல நாடுகளுக்கான கட்டடக்கலைத் துறை 1954இல் அங்கே தொடங்கியது. மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் பின்னாளில் அதை நடத்தினார். இந்தியாவில் பெற்ற அனுபவம் லண்டனில் பாடமாயிற்று. ஆனால் 1971இல் அந்தத் துறை அங்கிருந்து பிரிந்து லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்குப் போய்விட்டது. நல்ல யோசனை பிறக்கச் சிறிய இடம் போதும். அது வளரப் பெரிய கூரை தேவைப்பட்டது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் இதே பள்ளியில் பயின்றவர். படித்தது லண்டனில் என்றாலும், அவருடைய முற்றங்களும் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளும் இலங்கை மழையிடம் கற்றவை.

இந்தியாவில் இடத்தின் வலிமைக்கு அகமதாபாத்தைச் சொல்ல வேண்டும். 1950களில் அங்கிருந்த ஆலை முதலாளிகளும் நகரசபையும் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவை அழைத்துக் கட்டடங்கள் எழுப்பியிருந்தார்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் வந்தது. லூயி கானின் ஐ.ஐ.எம். வளாகம் செங்கல் செங்கல்லாக எழத் தொடங்கியது. அந்தச் சூழலில் 1962இல் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் நூலில் பார்க்க வேண்டிய கட்டடம் பக்கத்துத் தெருவில் சாரம் கட்டி நின்றது. உள்ளூர்க் கல்விச் சங்கத்தின் ஆதரவு இருந்ததால் பள்ளிக்கென்று சொந்தக் கட்டடமும் எழுந்தது: வெளிறிய கான்கிரீட்டும் செங்கல்லும், கீழே காற்று ஓடும் திறந்த தளம், வடக்கு ஒளி விழும் ஸ்டுடியோக்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்று செப்ட் பல்கலைக்கழகமாக நிற்கிறது. நகரம் பள்ளியை விரும்பி ஏற்றது. பள்ளி நகரத்துக்குக் கட்டடக் கலைஞர்களையும் திட்டமிடுவோரையும் தந்தது.

நகரம் வெறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி சாட்சி. 1919இல் வைமாரில் தொடங்கியது. மாநில ஆட்சி மாறி நிதி வெட்டப்பட்டதும், மேயர் ஃபிரிட்ஸ் ஹெஸ்ஸே வரவேற்ற தொழில் நகரமான டெஸாவுக்கு 1925இல் போனது. அங்கேதான் புகழ்பெற்ற கண்ணாடிச் சுவர்க் கட்டடமும், டோர்டன் பகுதியில் 314 தொழிலாளர் வீடுகளும் எழுந்தன. 1932இல் நாஜிகள் கைப்பற்றிய நகர்மன்றம் அதை மூடியது. பெர்லினில் கைவிடப்பட்ட ஒரு தொலைபேசித் தொழிற்சாலையில் அப்போதைய தலைவர் மீஸ் வான் டெர் ரோ தன் பொறுப்பில் பள்ளியை நடத்திப் பார்த்தார். 1933 ஜூலையில் அது கலைக்கப்பட்டது. ஒரே பள்ளி, மூன்று ஊர், மூன்று விதி.

கிண்டியும் மாமல்லபுரமும்

தமிழ்நாட்டில் 1957ஆம் ஆண்டு இரண்டு விதைகள் விழுந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டியில் கட்டடக்கலைத் துறையைத் தொடங்கியது; 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அது கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக அதன் உறுப்பாயிற்று. அதே 1957இல் மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி மையம் தொடங்கியது. இன்று அது அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக நெடுங்காலம் இருந்த வை. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவர்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் ஒரு காலைப் பொழுதில் நடந்தால் இடமும் அளவும் என்ன செய்யும் என்பது காதில் கேட்கும். பட்டறைக்குப் பட்டறை உளிச் சத்தம், நடுவே கட்டர் மெஷினின் இரைச்சல், வெண்தூசி படிந்த நந்திகள். இந்தப் பட்டறைகளை நடத்துவோரில் பலர் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவரிடம் தொழில் கற்றவர்கள். பல்லவர் விட்டுச்சென்ற பாறைகள் பள்ளியை அங்கே இழுத்தன. பள்ளி அந்த ஊரை மீண்டும் சிற்ப ஊராக்கியது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறிய கல்லூரி ஒன்று ஓர் ஊரின் பிழைப்பையே மாற்ற முடியும் என்பதற்கு அலபாமா வரை போகத் தேவையில்லை.

இந்த இரண்டுக்கும் பிறகு, குறிப்பாகக் கடந்த இருபது ஆண்டுகளில், தனியார் கட்டடக்கலைக் கல்லூரிகள் பெருகின. அவற்றில் பல, நிலம் மலிவாகக் கிடைத்த நெடுஞ்சாலை ஓரங்களில், பொறியியல் கல்லூரியின் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மாலை நாலரை மணிக்குக் கல்லூரிப் பேருந்து புறப்படுவதால் ஸ்டுடியோ நாலேகாலுக்கே காலியாகிவிடுகிறது. நகரத்தில் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர் போக்குவரத்தில் இரண்டு மணி நேரம் செலவிட்டு அங்கே பாடம் நடத்த வரமாட்டார். இங்கே இடம் தேர்ந்தெடுக்கப்படவில்லை; வாய்த்தது, அவ்வளவே.

ஆனால் அந்த இடங்களும் வெறும் இடங்கள் இல்லை. சாலையைத் தாண்டினால் ஏரி, அதை ஆக்கிரமித்து எழுந்த மனைகள், சூளைகள், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகைகள், கைவிடப்பட்ட ஒரு சத்திரம். தென் தமிழகமென்றால் ஆத்தங்குடி டைல் பட்டறையும் செட்டிநாட்டு வீடுகளும் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில். இந்த ஏரிக்கரையை அளந்து வரையவும், அந்தக் கொட்டகைக்கு மாற்றாக வெப்பம் தாங்கும் குடியிருப்பைக் கட்டிப் பார்க்கவும் ஒரு கல்லூரி முடிவெடுத்தால், ஒதுக்குப்புறம் என்ற குறையே அதன் பாடத்திட்டம் ஆகிவிடும்.

மேலே பார்த்த பள்ளிகளின் கதையிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வருகிறேன். இடம் மையமா ஓரமா என்பதைவிட, பள்ளி அந்த இடத்திடம் கற்கிறதா என்பதே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்டுடியோ சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிறிய அளவைத் தாங்கப் பல்கலைக்கழகமோ நகரமோ அரசோ பின்னால் இருக்க வேண்டும். நிலமும் பட்டம் தரும் உரிமையும் யார் கையில் என்பது நல்ல காலத்திலேயே எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கெட்ட காலத்தில் அதைப் பேசித் தீர்க்க முடியாது என்பதே டாலியசின் சொல்லும் செய்தி.

பிள்ளைகளைக் கட்டடக்கலை படிக்க வைக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு ஸ்டுடியோவுக்குள் போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, மேசைகளில் ஆள் இருக்கிறதா, ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் டிஸ்கஷன் கிடைக்கிறது என்று கேளுங்கள். பிறகு, இந்தக் கல்லூரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் உங்கள் மாணவர்கள் அளந்து வரைந்த கட்டடங்கள் எவை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கல்லூரி எங்கே இருந்தாலும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதில் பிள்ளையைச் சேர்க்கலாம்.